முறியாத மரையாணி

காலைச் சற்றே விலக்கி வையுங்கள், தம்பி. அந்தச் சாக்கில் இருப்பது பல்சக்கரம். நீங்கள் இடித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. உங்கள் விரல்தான் நசுங்கும். உக்கடத்தில் வண்டி புறப்பட்டதிலிருந்து மூன்று பேர் இடித்துக்கொண்டுவிட்டார்கள். மூவரும் சாக்கைத்தான் முறைத்தார்களே ஒழிய, தம் காலை எங்கே வைக்கிறோம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நம் மக்களின் இயல்பு அது.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? கோவில்பாளையமா? அங்கேயே வீடா? சாலையை ஒட்டிக் கொப்பரைக் களம் ஒன்று இருக்கிறதே, தெரியுமா? தெரிந்த இடம்தானா. இல்லை, சும்மாதான் கேட்டேன். அங்கே எனக்கொன்றும் வேலை இல்லை.

நான் பொள்ளாச்சியில் இறங்கி ஆனைமலைப் பேருந்து பிடிக்க வேண்டும். பெயர் சென்னியப்பன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இந்தப் பல்சக்கரம் எதற்கு என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டீர்கள். சொல்கிறேன். கிணத்துக்கடவு வருவதற்குள் பாதி முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் தென்னந்தோப்புக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து உழவர் குழு ஒன்று நடத்துகிறோம். குழுவுக்குப் பொதுவாக ஒரு டிராக்டர். அதன் பின்னால் பூட்டுகிற புல்வெட்டி ஒன்று. புல்வெட்டி என்றால் கையால் தள்ளுவதன்று. கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புக் கூடு. அதன் அடியில் இரண்டு கத்திகள் சுழலும். டிராக்டரிலிருந்து ஒரு தண்டு சுழன்றுகொண்டே வந்து பல்சக்கரப் பெட்டிக்குள் நுழையும்; பெட்டி கத்திகளைச் சுழற்றும். தண்டும் பெட்டியும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு மரையாணி. நீங்கள் போல்ட் என்பீர்கள். என் துன்பம் முழுவதும் அந்தச் சுண்டுவிரலில்தான் தொடங்கியது.

மழை பெய்தால் தோப்பில் புல் இடுப்பளவு எழும். காய் வெட்டினால் விழுந்த இடம் தெரியாது. பத்துக் காயில் இரண்டு புல்லுக்குள் போய், முளைத்த பிறகே முகம் காட்டும். பாம்புக்கு அஞ்சிக் காய் பொறுக்கும் பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். ஆகவே புல்வெட்டி ஓடாவிட்டால் பன்னிரண்டு தோப்பிலும் வெட்டு நின்றுவிடும்.

குழுவின் செயலாளர் நான். வேறு எவரும் முன்வரவில்லை என்று ஊரில் சொல்வார்கள். வேறு எவருக்கும் தகுதி இல்லை என்பதே உண்மை. பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே முப்பத்தொரு விதிகளை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு டிராக்டர் கொட்டகையில் மாட்டினேன். பதினான்காம் விதியைக் கேளுங்கள். ‘உடைந்த உதிரிபாகம் எதனையும் எறிதல் கூடாது, தேதி குறித்துத் தாளில் பொதிந்து, ஆண்டுத் தணிக்கையின்போது ஒப்படைத்தல் வேண்டும்.’ ஊரே சிரித்தது. எங்கள் குழுத் தலைவர், ‘பழைய இரும்புக்கும் சீருடை போட்டு வரிசையில நிறுத்தோணுமாக்கும்’ என்றார். சிரிக்கட்டும். விதி விதிதான்.

டிராக்டரை ஓட்டியவன் நாச்சிமுத்து. என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான். அவ்வளவுதான், நிற்பான். அடித்தாலும் வாய் திறக்கமாட்டான். நாற்பத்தைந்து வயதாகியும் அந்தக் குணம் மாறவில்லை. வண்டி மட்டும் நன்றாக ஓட்டுவான்; அதை மறைக்கமாட்டேன். மரத்துக்கும் கத்திக்கும் இடையே ஒரு சாண் விட்டு, அதற்கு மேலும் விடாமல், குறைத்தும் விடாமல் ஓட்டுவான்.

ஆடி மாதம் புல்வெட்டி வந்தது. முதல் நாளே அந்த ஆணி மூன்று முறை முறிந்தது.

“கல்லு ஒண்ணு கெடந்துச்சுங்க ஐயா. போல்ட்டு போயிருச்சு. வேற போட்டா ஓடுமுங்க” என்றான், ஏதோ வெற்றிலை தீர்ந்துவிட்டது என்பதைப் போல.

ஒரு வாரத்தில் ஏழு முறிந்தன. பொள்ளாச்சியில் வாங்கிய கடைக்கே எடுத்துச் சென்றேன். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? “அது ஒடையத்தானுங்க வேணும்” என்றார். தம்பி, நீங்களே சொல்லுங்கள். ஒழுகுவதற்கென்றே எவனாவது குடம் செய்வானா? கிழிவதற்கென்றே குடை செய்வானா? முறிவதற்கென்றே ஓர் ஆணியைச் செய்து, அதை டஜன் கணக்கில் விற்கவும் செய்கிறார்கள்.

நிறுவனத்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது. ஒன்பதே வரி, அந்த ஒன்பது வரியில் ஐந்து பிழை. சிவப்பு மையால் திருத்தி, பதிவு அஞ்சலில் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு அவர்களிடமிருந்து மறுமொழி இல்லை. வெட்கம் இருக்கும் அல்லவா? அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்கிறீர்களா? முழுவதும் நினைவில்லை. ஆணி முறிவதே அதன் பயன் என்பதுபோல ஏதோ இருந்தது. ஒன்பது வரியைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாதவனுக்குப் பொறியியல் மட்டும் தெரிந்துவிடுமா?

ஆகவே வெள்ளிங்கிரியிடம் போனேன். ஆனைமலையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனும் என் மாணவன்தான். தமிழில் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை, ஆனால் கை நேர்த்தியானது. முறிந்த ஆணியை அவன்முன் வைத்து, “இதே அளவில், முறியாத ஆணி ஒன்று கடைந்து கொடு” என்றேன்.

அவன் ஆணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“ஐயா, கட்டையில கல்லுல கத்தி அடிச்சா இது போகோணுமுங்க. இது போனாத்தான் உள்ளே இருக்கற கியர்பாக்ஸ் பொழைக்கும்.”

“முறிவதில் என்ன பெருமை?”

“பெருமையெல்லாம் இல்லீங்க. அதோட வேலையே அதுதானுங்க.”

“வேலை என்றால் தாங்குவது. முறிவது வேலையன்று.”

“வீட்டுல பீஸ் கம்பி போடறமல்லங்க? கரண்டு அதிகமா வந்தா அது போயிரும். அதுக்குப் பதிலா ஆணியை முறுக்கி வெச்சா என்னாகுமுங்க?”

“என் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக பியூஸ் போனதே இல்லை” என்றேன்.

“அம்மா மாத்திப் போட்டிருப்பாங்க” என்றான்.

எதிர்த்துப் பேசுகிறவனிடம் வேலை வாங்கும் முறை எனக்குத் தெரியும். பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றால் என் மாணவர்களுக்குப் பழைய நினைவு வந்துவிடும். அரை மணி நேரத்தில் கடைய ஆரம்பித்தான். லாரி அச்சிலிருந்து எடுத்த இரும்பு, தம்பி. கடைந்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தெடுத்தான். அரத்தை வைத்தால் அரம் வழுக்கும். என் கையில் கொடுக்கும்போது, “ஐயா, இதைச் செஞ்சது நானுன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க” என்றான். இந்தக் காலத்தில் இப்படியோர் அடக்கமா என்று வியந்தேன்.

இதோ, சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பாருங்கள். கனத்தைப் பார்த்தீர்களா? ஒரு கீறல் உண்டா? இல்லை.

ஆவணியில் அதைப் பூட்டினோம். அன்றிலிருந்து முறிவு என்ற பேச்சே இல்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. சனிக்கிழமைதோறும் நானே கொட்டகைக்குச் சென்று ஆய்வேன். ஆணி இருந்த இடத்தில் இருக்கும். வாரம் முழுவதும் உழைத்த பொருளாகவே தோன்றாது. முந்தைய சனிக்கிழமை நான் பூசிய எண்ணெய்கூட அழியாமல் இருக்கும். அவ்வளவு உறுதி. ஐப்பசிக் கூட்டத்தில் இதைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். நாச்சிமுத்து ஓரமாக உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் பாராட்டவில்லை.

அவனிடம் ஒரு குறை உண்டு. ஓட்டிக்கொண்டே இருப்பான், திடீரென்று நிறுத்துவான், இறங்குவான், புல்வெட்டிக்குப் பின்னால் குனிவான். கேட்டால், “புல்லு சுத்திக்குச்சுங்க” என்பான். ஒரு முறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஏழு நிமிடம். ஏழு நிமிடம் சுற்றுகிற புல் எது என்று கேட்டேன். நின்றான். நிற்பது அவனுக்குக் கைவந்த கலை.

என் மனைவி மயிலாத்தாள் மோர்த் தூக்கோடு தோப்புக்குப் போய்வருவாள். ஓட்டுநருக்கு மோர் கொடுக்க வேண்டும் என்று முப்பத்தொரு விதிகளில் எங்கும் இல்லை. எனினும் நான் தடுக்கவில்லை. நல்ல மனம் படைத்தவள். இந்தத் தீபாவளிக்குக்கூடப் புடவை வேண்டாம் என்றுவிட்டாள். “இருக்கறதே போதுமுங்க” என்றாள். ஆனால் புடவைக்கென்று கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அதைக் கேட்பது நாகரிகமன்று.

கார்த்திகையில் நூறாம் நாள் வந்தது. நூறு நாள் ஒரே ஆணி. இதை வாய்ச்சொல்லாக விடலாமா? முறைப்படி நிறுவ வேண்டும் அல்லவா? மின்வாரியத்தார் மீட்டருக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைப்பார்களே, அதுபோல் ஒரு முத்திரை தயார் செய்தேன். காலையிலேயே கொட்டகைக்குச் சென்று, என் கையாலேயே ஆணியை முடுக்கி, கம்பியைக் கட்டி முத்திரையிட்டேன். இனி எவரும் அதைத் தொட்டால் தெரிந்துவிடும்.

நாச்சிமுத்து வந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“ஐயா, கம்பி வேணாமுங்க.”

“ஏன்?”

“இன்னிக்கு ஓட்ட வேணாமுங்க. கெழக்கு மூலையில பழைய மரத்துக் கட்டை மண்ணுக்குள்ள கெடக்குது.”

“கட்டை கிடந்தால் என்ன? அதற்குத்தானே இந்த ஆணி?”

“அதுக்கில்லீங்க ஐயா...”

“பிறகு எதற்கு?”

நின்றான். எட்டாம் வகுப்பில் நின்ற அதே நிலை. ஓட்டு என்றேன். ஓட்டினான். நானும் பின்னாலேயே நடந்தேன். இருபது நிமிடம் இருக்கும். முதலில் ஒரு மொத்து, அடுத்து இரும்பை இரும்பு மெல்லுகிற ஓசை, அப்புறம் ஒன்றுமில்லை. பெட்டியின் ஓடு வெடித்து, புல்லின்மேல் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பல்சக்கரத்தில் பதினோரு பல் போயிருந்தது. தண்டு முறுக்கிக்கொண்டது.

நான் ஓடிச் சென்று முதலில் பார்த்தது ஆணியைத்தான். முத்திரைகூட அறவில்லை, தம்பி. “பார்த்தாயா?” என்றேன் நாச்சிமுத்துவிடம். அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் மனிதர்கள், நிலைத்து நின்றதைப் பார்க்கமாட்டார்கள்.

ஸ்பேனர் எடுக்க டிராக்டர் இருக்கைக்கு அடியில் கையை விட்டேன். ஒரு டப்பா அகப்பட்டது. சுக்குமல்லிக் காப்பித் தூள் டப்பா. திறந்தால் உள்ளே அந்த மலிவு ஆணிகள்! புதியவை நான்கு. முறிந்தவை பத்தொன்பது. முறிந்தவை ஒவ்வொன்றும் துண்டுத்தாளில் பொதிந்து, தாளின்மேல் தேதி. ஆவணி ஒன்பது, ஆவணி பதினான்கு என்று கார்த்திகை வரை. அழகான கையெழுத்து. அவன் கையெழுத்தன்று, அவன் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எங்கேயோ பார்த்த கையெழுத்தாகவும் இருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. மூன்று மாதமாக, வண்டியை எடுத்ததும் என் ஆணியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த மலிவு ஆணியைப் பூட்டி ஓட்டியிருக்கிறான். முறிந்தால் மாற்றியிருக்கிறான். சனிக்கிழமை மட்டும் என் ஆணியை இருந்த இடத்தில் திரும்பப் பூட்டியிருக்கிறான். இப்போது சிந்தித்துப் பாருங்கள். பத்தொன்பது முறை முறிவு. பத்தொன்பது முறை அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியெல்லாம் பெட்டிக்குள் சேர்ந்து சேர்ந்து, நூறாம் நாளில் வெடித்திருக்கிறது. பழி யாருக்கு? என் ஆணி அன்று ஒருநாள்தான் வேலை செய்தது. ஒருநாள் வேலை செய்தவன்மேல் மூன்று மாதப் பழியைப் போடலாமா?

ஏன் சிரிக்கிறீர்கள்? இருமலா? சரி.

“ஏன்டா இப்படிச் செய்தாய்?” என்றேன்.

“சொன்னா ஏத்துக்குவீங்களாங்க?”

“இது யார் கையெழுத்து?”

“எனக்குத் தெரியாதுங்க” என்றான். என்னிடம் அவன் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னது அதுவே முதல் முறை. சாவியை மட்கார்டின்மேல் வைத்தான். தோப்பைக் கடந்து போய்விட்டான். பதினோரு ஆண்டுகள் ஓட்டியவன், போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுவாரமே கொப்பரைக் களத்தில் மூட்டை சுமக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஆமாம், உங்கள் ஊர்க் களம்தான்.

அன்றே இரண்டு பக்கத்தில் குற்றச்சாட்டுக் கடிதம் எழுதினேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படிக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் கையொப்பமிட வேண்டும். அப்புறம் ஆனைமலைச் சுற்றுவட்டாரத்தில் எவரும் அவனிடம் வண்டிச் சாவியைத் தரமாட்டார்கள். கடுமைதான். பதினோரு ஆண்டுப் பிழைப்பு என்றெல்லாம் தலைவர் சொன்னார். ஆனால் விதியை மீறியவனை விட்டால் விதி எதற்கு?

வீட்டுக்கு வந்து டப்பாவை மேசைமேல் வைத்தேன். “இது நம் வீட்டு டப்பா போல இருக்கிறதே” என்றேன்.

“ஊருல சுக்குமல்லித் தூளு நாம மட்டுந்தான் வாங்கறமாக்கும்?” என்று மயிலாத்தாள் உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் பேச்சு சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் “சாப்பிட வாங்க” என்பாள். இப்போது “சாப்பாடு” என்கிறாள். எழுவாய் மட்டும் வந்து நிற்கிறது. பயனிலையை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது மட்டுமா? போன செவ்வாய்க்கிழமை வீட்டில் மின்சாரம் போயிற்று. தெருவெல்லாம் விளக்கு எரிகிறது. என் வீட்டில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, பியூஸ் போய்விட்டது என்றார்கள். நாற்பது ஆண்டுகளில் முதல் முறை! பியூஸ் கம்பி எங்கே இருக்கிறது என்று மயிலாத்தாளைக் கேட்டேன்.

“அதுதான் ஒடையாத ஆணி வெச்சிருக்கறீங்களே, அதைப் போடுங்க” என்றாள்.

நாற்பது ஆண்டுகளில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. மூன்று நாளாக வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு.

அது கிடக்கட்டும். பல்சக்கரத்துக்கு வருவோம். பொள்ளாச்சியில் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலைக்குப் பாதிப் புல்வெட்டி வாங்கிவிடலாம். உடுமலையில் ஆர்டர் போட்டு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். உதிரிபாகக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி கொண்டுபோக வேண்டும். நான் உடைந்த சக்கரத்தோடு இந்த ஆணியையும், டப்பாவையும் மாதிரியாக எடுத்துச் சென்றேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்று அவர்களும் அறிய வேண்டும் அல்லவா?

சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ஆணிக்குக் கிடைத்த மதிப்பைச் சொல்ல வேண்டும். ஒரு கடைக்காரர் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் எதிர்க் கடைக்காரரைக் கூப்பிட்டார். “இதைப் போட்டா ஓட்டுனீங்க?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். தேநீர் வாங்கித் தந்தார்கள். இன்னொருவர் கைபேசியில் ஆணியைப் படமெடுத்து, என்னையும் அருகில் நிற்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். வேலைப்பாட்டை மதிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

இன்று காலை உக்கடம் வந்தேன். பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். நான்காவது கடை, சுலைமான் பாய் என்று ஒருவர். என் வயது இருக்கும். உடைந்த சக்கரத்தைக் கையில் வாங்கினார், உள்ளே போனார், கால் மணி நேரம் இரும்பு உருளும் ஓசை கேட்டது. இதைக் கொண்டுவந்தார். “எந்த மிஷினோ தெரியல ஐயா, கழிச்சுப் போட்டது. ஆனா பல்லு ஒண்ணும் தேயல. எண்ணிப் பாருங்க” என்றார். மூன்று முறை எண்ணினேன். துளையை அளந்தேன். இம்மியும் பிசகவில்லை. பொள்ளாச்சியில் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு விலை. வெடித்த பெட்டியை வெள்ளிங்கிரி பற்றவைத்துவிடுவான், முறுக்கிய தண்டையும் நேராக்கிவிடுவான்.

அத்தோடு புறப்பட்டிருக்கலாம். ஆணியை எடுத்துக் காட்டினேன். பாய் சிரிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. “அந்த டப்பாவில என்ன?” என்றார். திறந்தார். பொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பலகைமேல் தேதி வரிசையில் அடுக்கினார். பத்தொன்பதும் அடுக்கினார்.

“யாருங்க ஐயா இது?”

“எங்கள் ஓட்டுநர். நீக்கிவிட்டோம்.”

“பத்தொம்பது தடவை கியர்பாக்ஸைக் காப்பாத்துன ஆளையா?”

“பத்தொன்பது முறை விதியை மீறியவன்” என்றேன்.

“மீறுறவன் உடைஞ்சதைத் தூக்கிப் புல்லுல எறிஞ்சுட்டுப் போயிருவான் ஐயா. யாருக்குத் தெரியப் போவுது? தேதி போட்டு மடிச்சா வெப்பான்? மாட்டுனா இதுவே சாட்சின்னு தெரியாதா அவனுக்கு?”

“அது பதினான்காம் விதி. உடைந்ததை எறியக் கூடாது, தேதி குறித்துப் பொதிய வேண்டும்.”

“யாரு போட்ட விதி?”

“நான்.”

பாய் பொதிகளைத் திரும்ப மடித்து டப்பாவில் வைத்தார். உள்ளே போய், காகிதப் பை ஒன்றில் அந்த மலிவு ஆணிகள் இருபது போட்டுக் கொண்டுவந்தார். காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். “அந்த ஆளுக்கு உங்க ஊருல வேலை இல்லேன்னா இங்க அனுப்பிவிடுங்க. அப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டு இருக்கேன்” என்றார். அவன் நாணயமற்றவன் என்று சொல்ல வாயெடுத்தேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

இப்போது எங்கே வந்திருக்கிறோம்? கிணத்துக்கடவு தாண்டிவிட்டதா?

ஒன்று சொல்கிறேன், தம்பி. இதனால் என் முடிவில் எந்த மாற்றமும் இல்லை. மீறல் மீறல்தான். ஆனால் ஒரு செய்தியைப் பதிவு செய்ய வேண்டும். சட்டம் போட்டு மாட்டிய முப்பத்தொரு விதிகளையும் ஊரில் ஒருவரும் படித்ததில்லை என்றே நினைத்திருந்தேன். எங்கள் தலைவர் உடைந்த கத்தியை வாய்க்காலில் எறிந்தார். என் கண்முன்னால் எறிந்தார். ஒரே ஒருவன் பதினான்காம் விதியைப் படித்திருக்கிறான். படித்தது மட்டுமா? என்னை ஏமாற்றுகிற வேலையிலும் அதை வழுவாமல் கடைப்பிடித்திருக்கிறான். எட்டாம் வகுப்பில் ஒரு செய்யுள் ஒப்பித்ததில்லை அவன்.

அந்தக் கையெழுத்தைப் பற்றியும் இனி விசாரிப்பதாக இல்லை.

அந்தக் காகிதப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள். பார்த்தீர்களா? இருபதையும் ஒன்றாகப் போட்டிருக்கிறார். பேருந்து குலுங்கக் குலுங்க மரை ஒன்றோடொன்று உரசித் தேயும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பொதிய வேண்டும். உங்களிடம் தாள் ஏதாவது இருக்கிறதா? இல்லையா. என்னிடமும் இல்லை. செய்தித்தாளைப் பாய் கடையிலேயே விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு பக்கம். நல்ல தாள், தடித்தது. எப்படியும் இன்னொரு முறை செப்பமாக எழுத வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமோ என்னவோ. கிழியுங்கள். அப்படியன்று, மடித்து, மடிப்பின்மேல் நகத்தை ஓட்டி, பிறகு கிழிக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்துத் துண்டு. கையொப்பம் இட்ட மூலையா? அதையும்தான். விதிவிலக்கு எதற்கு?

கோவில்பாளையம் வருகிறது. இந்தப் பையை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். களத்தில் நாச்சிமுத்து என்று கேட்டால் காட்டுவார்கள். யார் கொடுத்தது என்று அவன் கேட்கமாட்டான். அவன் எதையும் கேட்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆனைமலையில் ஒரு பல்சக்கரப் பெட்டியைப் பூட்ட வேண்டியிருக்கிறது, பூட்டத் தெரிந்த ஆள் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். நான் வரச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். ஆள் இல்லை என்று சொன்னால் போதும்.

ஆணி என்னிடமே இருக்கட்டும்.

சாக்கில் இடித்துக்கொள்ளாமல் இறங்குங்கள். ஒரு நிமிடம், தம்பி. பொள்ளாச்சியில் பியூஸ் கம்பி வாங்க வேண்டும். கடையில் எப்படிக் கேட்பது? தடித்ததும் இருக்கும், மெல்லியதும் இருக்கும் அல்லவா? மெல்லியதைத்தானே கேட்க வேண்டும்?